ஆம்ப்ரோஸ் அம்மா

பட்டினப்பாக்கத்துக்கு வந்து அந்தோணியம்மாள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. ஆம்ப்ரோஸ் அம்மா வீடு என்று கேட்க வேண்டும். உடனே நாலு பேர் கையை நீட்டுவார்கள். லூப் ரோட்டில் மீன் வாங்க அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் ஸ்கூட்டரில் வருகிற பெண்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்த அன்றைக்கே அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோனது. அதில் அவளுக்கு வருத்தமா? பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. அந்த ஏரியாப் பிள்ளைகள் கடலுக்குப் போவார்கள், ஐஸ் வண்டி ஓட்டுவார்கள், கொஞ்சம் படித்துவிட்டால் தேனாம்பேட்டையில் ஏதாவது ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக நிற்பார்கள். தீவுக்குப் போய் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் ஆனவன் அவள் மகன் ஒருத்தன்தான்.

தீவு என்றால் பக்கத்துத் தீவு இல்லை. ஹார்பரில் கப்பல் ஏறி அந்தமான் போய், அங்கே காத்துக் கிடந்து வேறு கப்பல் பிடித்து, அதற்கும் அப்பால் படகில் போக வேண்டிய இடம். வெளி ஆள் கால் வைக்கப் பாஸ் வேண்டும். பெற்றவளுக்கே அந்தப் பாஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. சுனாமி வந்துபோன சமயம் கோயிலில் சேர்த்த அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம் அங்கே போனது, ஆம்ப்ரோஸும் போனான். மூட்டையை இறக்கிவிட்டு மற்றவர்கள் திரும்பினார்கள், இவன் திரும்பவில்லை. அவர்கள் பாஷையைப் படித்து, தென்னை ஏறப் பழகி, பனையோலையில் ஒரு சிற்றாலயம் போட்டு, மணி அடித்து, ஜெபம் சொல்லிக் கொடுத்து, கடைசியில் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து அம்மா கையால் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இந்த வருஷம் ஆடிக் காற்றில் அவன் வந்தது லீவில் இல்லை. கால் இரண்டும் வீங்கி, முகம் உப்பி, பொண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு ஹார்பர் வாசலில் இறங்கினான். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆவணி பிறந்தபோது அவன் இல்லை.

கூட வந்தவள் பெயர் ரோஸி. அவன்தான் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அப்போது வயிற்றில் மூன்று மாதம். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி, ஒரே அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு, மறு ஓரத்தில் கக்கூஸ். அந்த அறைக்குள் இரண்டு பெண்களும் ஒரு செத்தவனுமாகக் குடித்தனம் நடந்தது.

செத்தவனும் என்று நான் சொல்வது சும்மா இல்லை. அந்தோணியம்மாள் அவனைச் சாக விடவில்லை. காலையில் எழுந்ததும் "ஆம்ப்ரோசு, அம்மா கடைக்குப் போறேன்டா" என்று போட்டோவிடம் சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். அவன் தட்டில்தான் சாப்பிடுவாள். அவன் போனுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் வேறு. சாயங்காலம் கடை முடிந்து வந்து, கையில் மீன் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு அவன் பாட்டுகளைப் போடுவாள். தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டு. நடுவில் அவன் குரல் மட்டும் தனியாக, "இன்னா இப்டி இழுக்கறீங்கோ, சேந்து பாடுங்கோ" என்று கேட்கும். கேட்டுவிட்டு அழுவாள், திரும்பவும் போடுவாள்.

பாட்டு ஆரம்பித்ததும் ரோஸி எழுந்துபோய் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொள்வாள். வேறு எங்கே போவாள்? அந்த வீட்டில் இருந்த இன்னொரு கதவு அது ஒன்றுதான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டிருப்பாள்.

"நெஞ்சா அது, கல்லா?" என்று அந்தோணியம்மாள் அங்கமுத்துவிடம் புலம்புவாள். அங்கமுத்து பக்கத்துக் கடைக்காரன். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது ஒரே படகில் போனவன். "பொட்டியத் தூக்கும்போதும் ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாது, பாத்தியா. அன்னிலேர்ந்து எம் புள்ள பேர ஒரு தாட்டி, ஒரே ஒரு தாட்டி அவ வாயால சொல்லிக் கேக்கல நானு. அதுவும் போவட்டும், அன்னிக்கி இன்னா பண்ணா தெரியும்ல?"

அங்கமுத்துக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்துக்கே தெரியும். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரோஸி அவனுடைய டார்ச் லைட்டையும் டீ கிளாஸையும் எடுத்துவந்து வாசல்படியில் போட்டு உடைத்தாள். அடுத்துத் தட்டைத் தூக்கியபோது அந்தோணியம்மாள் பாய்ந்து பிடுங்கி, கன்னத்தில் ஒன்று விட்டாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளை அடித்தோமே என்று பிற்பாடு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"அது அவங்க ஊரு வழக்கம்னு ஆம்ப்ரோசு முன்னாடி சொல்லிகீறான் யக்கா. செத்தவன் சாமான ஒட்ச்சி குழி மேல வெப்பாங்களாம்."

"வழக்கமாவது வெங்காயமாவது. ஞானஸ்நானம் வாங்கனவதானே?"

இத்தனைக்கும் ரோஸியின் மேல் அவளுக்கு வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண் வாயைத் திறந்தால் வருவது ஆம்ப்ரோஸின் தமிழ். அவனிடம்தானே கற்றுக்கொண்டாள்! "சோறு வாணாம் அத்தே, தேங்கா கீதா?" என்று அவள் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மகன் கேட்பது மாதிரியே இருக்கும். அதைக் கேட்பதற்காகவே அந்தோணியம்மாள் வேண்டுமென்றே எதையாவது கேட்டு வைப்பாள். தேங்காய் துருவிப் போட்டுக் கிழங்கு அவித்துத் தருவாள். மீனை உப்பு மட்டும் போட்டு வேகவைப்பாள். மிளகாய்த்தூள் போட்டால் ரோஸிக்கு இறங்காது. பழைய புடவையைக் கிழித்துத் தொட்டிலுக்குக் கூடத் தயார் பண்ணிவிட்டாள். பிள்ளை இங்கே பிறக்கும், சாந்தோம் கோயிலில் ஞானஸ்நானம், பெயர் ஆம்ப்ரோஸ். பெண்ணாகப் பிறந்தால்? அதை அவள் நினைக்கவே இல்லை.

அதற்குக் குறுக்கே நின்றது ஒரு கப்பல்.

தீவு மிஷனைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதர் அந்தோணியம்மாள் போனுக்குத்தான் கூப்பிடுவார். "ரோஸியோட அப்பா அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. கல்லறைத் திருநாள் முடிஞ்ச வாரம் ஒரு கப்பல் இருக்கு. அதை விட்டா வயிறு முத்திடும், ஏத்த மாட்டாங்க. டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கட்டுமா?"

"கேட்டுச் சொல்றேன் ஃபாதர்" என்பாள். போனை வைத்துவிட்டு ரோஸியிடம், "டிக்கெட் இல்லியாம்மே. கப்பல் ஃபுல்லாம்" என்பாள். இதையே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ரோஸி ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படகுகள் போகவில்லை. மேட்டில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளுக்குள் தண்ணீர் நின்றது. கடையில் ஐஸ் மீன் மட்டும்தான், வாங்க வருகிறவர்களும் குறைவு. மழைக்கு அந்தோணியம்மாளும் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. சுவரெல்லாம் ஓதம் ஏறி, காயாத துணி அறை முழுக்கத் தொங்கி, ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். கீழேயிருந்து பால்காரன், "ஆம்ப்ரோஸ் அம்மா, பாலு!" எதிர் வீட்டிலிருந்து, "ஆம்ப்ரோஸ்ம்மா, கரண்ட் கீதா உங்க வூட்ல?" அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் ரோஸியின் தோள் ஒரு தரம் தூக்கிப் போடும். குளிர் என்று நினைத்து அந்தோணியம்மாள் போர்வையை எடுத்துப் போட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் கோயில் ஆபீசில் போய், இறந்தவர்கள் வரிசையில் மகன் பெயரையும் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அது பெரிய விஷயம். கல்லறை மைதானத்தில் பூசை நடக்க, மைக்கில் அவன் பெயர் வரும். ஊரே கேட்கும். "வருஷம் ஆகல, மொதல் தாட்டி. நீயும் வரணும்" என்றாள் ரோஸியிடம்.

"வாணாம் அத்தே."

"இன்னா வாணாம்? கட்டனவன் குழிக்கு மெழுவத்தி ஏத்த மாட்டியா நீ?"

"ஏத்தறேன். பேரு வாணாம்."

"அதெல்லாம் ஃபாதர் படிப்பாரு. நீ சொம்மா வந்து நில்லு."

திருநாள் அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கல்லறைகளைக் கழுவிச் சாமந்தியும் சம்பங்கியும் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஈர மண்ணில் செருப்பு புதைந்தது. ரோஸி ஆம்ப்ரோஸ் குழியின் கால்மாட்டில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயில் ஃபாதர் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். அந்தோணியம்மாள் மாரில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பட்டினப்பாக்கம், உபதேசியார் ஆம்ப்ரோஸ்."

ஸ்பீக்கரில் அந்தப் பெயர் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. அந்தோணியம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தால், ரோஸி இல்லை. சேற்றில் மெழுகுவர்த்தி மட்டும் கிடந்தது.

அந்த மெழுகுவர்த்தியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஐயோ, எப்படி மறந்தோம்! ஆம்ப்ரோஸே சொன்ன கதை. முதல் லீவில் வந்தபோது, நெத்திலிக் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஒரு மேட்டரு கேளும்மா. கல்லறைத் திருநாளாச்சே, ஜெபத்துல நம்ம ஊர்ல மாரியே சுனாமில செத்தவங்க பேரெல்லாம் படிச்சேன். மூணாவது பேருகூட முடியல, மொத்த சனமும் எந்திரிச்சி ஓட்டம். கொழந்த குட்டியத் தூக்கிக்கினு காட்டுக்குள்ள பூட்டாங்கோ. நான் மட்டும் பீடத்துல நிக்கிறேன்."

"பைத்தியமா அதுங்களுக்கு?"

"நாந்தாம்மா பைத்தியம். அங்க செத்தவன் பேர யாரும் சொல்ல மாட்டாங்கோ. அதே பேரு வேற யாருக்குனா இருந்தா அவன் பேரையே மாத்திக்குவான். கூப்ட்டா செத்தவன் திரும்பிப் பாப்பானாம், திரும்பிப் பாத்தா போவ முடியாம நடுவுலயே நின்னுக்குவானாம். அந்த ஊருப் பெரியவரு வந்து கேட்டாரு, 'எல்லாரையும் கூப்ட்டுட்டியே, இப்ப யாரு அனுப்பறது?'ன்னு. மாசக் கணக்குல ஒரு ஈ காக்கா கோயிலுக்கு வர்ல. தெனம் நான் பாட்டுக்கு மணி அடிச்சிக்கினு தனியா குந்திக்கினு கெடந்தேன். அடுத்த வருசம் பேரே படிக்கல. ஆளுக்கொரு மெழுவத்தி ஏத்தி வெச்சேன், அவ்ளோதான். எல்லாரும் வந்து குந்திக்கினாங்கோ."

"பேரு சொல்லாங்காட்டி ஆண்டவருக்கு எப்டிரா தெரியும்?"

"ஆண்டவருக்கு அட்ரஸ் சொல்லணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

அந்தோணியம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஆறு கடலில் விழுகிற பக்கம்தான் முதலில் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை. மணலில் கால் இழுக்க, மேட்டில் ஏற்றியிருந்த படகுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் படகுக்குள், தேங்கிய தண்ணீரில் காலை வைத்தபடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோஸி உட்கார்ந்திருந்தாள். இன்னும் முழுசாக இருட்டவில்லை.

"ஏன்டியம்மா, உசுரே பூட்ச்சி எனக்கு! வா, எறங்கு. வயித்துப் புள்ளைக்கி ஆவாது."

ரோஸி அசையவில்லை. அந்தோணியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். ரோஸி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ்ளோ பெரிய மைக்குல கூப்ட்டாங்கோ அத்தே."

"அது ஜெபம்மே."

"தெரியும். நானும் ஜெபம் பண்றேன், தெனம் பண்றேன். ஆனா நீ காலீல கூப்டறே. பால்காரன் கூப்டறான். மீன் வாங்க வர்றவங்கோ கூப்டறாங்கோ. ஒன்னக் கூப்டறாங்கன்னு நீ நெனச்சிக்கினு கீறே. அவரத்தான் கூப்டறாங்கோ. நான் ஒரு பக்கம் 'போ, போ'ன்னு தள்றேன். நீங்கோ எல்லாரும் சேந்து இஸ்துக்கினே கீறீங்கோ. அவரு எப்டிப் போவாரு?"

அந்தோணியம்மாளுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "அப்ப அவன் மேல ஒனக்கு ஆச இல்லியா? அழவே இல்லியேடி நீ!"

"அழுதா நிப்பாரு. எனக்கு ஆச இல்லன்னா நான் ஏன் கஷ்டப்பட்டு அழாம குந்திக்கினு கீறேன்?"

அந்தோணியம்மாள் பலகையில் நகர்ந்து உட்கார்ந்தாள். படகுக்குள் தண்ணீர் மெல்ல ஆடியது.

"டிக்கெட் இல்லன்னு நீ சொன்னது பொய்யி" என்றாள் ரோஸி, சண்டைக்காரக் குரலில் இல்லாமல். "எனக்குத் தெரியும். அங்கமுத்து மாமா ஒன்ன வந்து கேட்டாருல்ல, 'கப்பலு காலியாத்தான் போவுதாமே, இன்னாத்துக்குப் பொய் சொல்றே'ன்னு. நான் பாத்ரூம்ல இருந்தேன்."

"தெரிஞ்சிதான் சொம்மா இருந்தியா? சண்ட போட வேண்டியதுதானே? ஃபாதருக்கு ஒரு போன் போட்டிருந்தா அவரே வந்து இட்டுக்கினு பூட்டிருப்பாரு!"

"எங்க ஊர்ல போனவரோட அம்மா 'போ'ன்னு சொல்லணும். சொல்லாங்காட்டி பொண்டாட்டி அந்த வூட்ட வுட்டு எறங்க மாட்டா. எறங்கக் கூடாது. நீ சொல்வேன்னு பாத்துக்கினே இருந்தேன் அத்தே. நீ தொட்டில் தச்சிக்கினு இருந்தே."

அந்தோணியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பூட்டைப் போட்டது தான்தான் என்று நினைத்து இத்தனை நாள் பயந்து பயந்து காவல் காத்திருந்தாள். பூட்டே இல்லாத கதவுக்கு உள்ளே இந்தப் பெண் அவள் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த வார்த்தை இப்போதும் வெளியே வர மாட்டேன் என்றது. சொல்லிவிட்டால் மகன் போவான், பேரப்பிள்ளை போகும், பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்றால் பாஸ் கிடையாது. சொல்லாமல், "வா, குளுருது" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் காலையில் போட்டோவிடம் ஒன்றும் பேசவில்லை. போட்டோவை இறக்கித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். தட்டையும் போனையும் கூடையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். மீன் வெட்டுகிற புளியங்கட்டையின் மேல் போனை வைத்தாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாமா என்று விரல் போனது. கேட்டால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் உடைக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. கத்தியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெறித்தது. இன்னும் அடித்தாள். அடுத்துத் தட்டைக் கட்டையில் வைத்து அடித்தாள்.

"யக்கா! இன்னா பண்றே? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று அங்கமுத்து ஓடி வந்தான்.

"தள்ளிப் போ அங்கமுத்து. அவங் கொரலு இதுலதான் கீது. இப்ப ஒடைக்காங்காட்டி அப்பால முடியாது என்னால."

நசுங்கிய தட்டையும் போன் துண்டுகளையும் கொண்டுபோய்க் குழிமேல் வைத்துவிட்டு, அப்படியே நின்று தன் போனில் மிஷன் ஃபாதரைக் கூப்பிட்டாள்.

கப்பல் புறப்படுகிற அன்றைக்கு ஹார்பர் வாசலில் வானம் மூடியே இருந்தது. துணைக்கு மிஷன் சிஸ்டர் ஒருத்தர் வந்திருந்தார். அந்தோணியம்மாள் தொட்டில் புடவையும், வறுத்த நெத்திலி ஒரு டப்பாவும், இரண்டு தேங்காயும் பையில் வைத்துக் கொடுத்தாள். ரோஸி பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். கேட்டில் கூப்பிட்டார்கள். சிஸ்டர் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். ரோஸி நகரவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கி இன்னா பேரு வெப்பே?" என்றாள் அந்தோணியம்மாள்.

"நீ சொல்லு. நீ சொல்றத வெக்கறேன்."

அந்தோணியம்மாள் யோசித்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தாலும் அந்த ஒரே பெயர்தான் வாய்க்கு வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வர்லம்மே. வேற ஒண்ணும் வர்ல எனக்கு. நீயே ஒண்ணு நல்லதா வெச்சிக்கோ."

பிறகு ரோஸியின் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஒரு உதை விழுந்தது. கையை எடுக்க முடியாமல் எடுத்தாள்.

"போ" என்றாள்.

அவ்வளவு நாள் அழாதவள் அப்போது அழுதாள். அத்தையின் தோளில் முகத்தை வைத்து, ஹார்பர் வாசலில் போகிற வருகிறவன் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மழை நின்று, படகுகள் போய் வந்திருந்தன. பல நாளுக்குப் பிறகு லூப் ரோட்டில் நல்ல கூட்டம். அந்தோணியம்மாள் ஒரு கொடுவாவைக் கட்டையில் போட்டுச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடையாறு வாடிக்கைக்காரம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரோட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆம்ப்ரோஸ் அம்மா! கொடுவா எனக்கு எடுத்து வையுங்க!"

அந்தோணியம்மாள் நிமிரவில்லை. அங்கமுத்து அவள் முழங்கையை இடித்தான்.

"யக்கா, ஒன்னத்தான் கூப்டறாங்கோ."

"எம் பேரு அந்தோணியம்மா. அப்டிக் கூப்டச் சொல்லு."

"திடீர்னு இப்டிச் சொன்னா? நாப்பது வருசமா கூப்ட்ட வாயி. சனத்துக்கு எங்க வரப் போவுது?"

"வர்ற வரிக்கும் நான் திரும்ப மாட்டேன்."

அங்கமுத்து அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத் தன் கடைக்குப் போனான். அந்தம்மா கிட்டே வந்து, காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அதைக் கேட்டு எதிர்க்கடைக்காரியும் அதே பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தோணியம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் மீன்மேல் சொட்டியது. தலையைக் குனிந்துகொண்டு செதிலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவள் திரும்பிப் பார்த்தால், அவனும் திரும்பிப் பார்ப்பான்.